ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ சத்தம்: வீட்டு ஒயரிங்கின் காந்தத் தொல்லையைக் கண்டுபிடித்துத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

என் ரெக்கார்டு பிளேயர் என்னை ஒரு வருடம் அலையவிட்டது. ஊசி தட்டைத் தொடும் முன்பே ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. கேபிளை மாற்றினேன். விலை கூடிய கேபிள் வாங்கி மறுபடியும் மாற்றினேன். ஆம்ப்ளிஃபையரைக்கூட ஒருமுறை பழுது பார்க்கக் கொடுத்தேன். ‘எங்களிடம் எந்தச் சத்தமும் வரவில்லையே’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், அவர்கள் கடையில் வராது.

ஒரு நாள் காலையில் சத்தம் வந்த அதே நொடியில் குளியலறையில் கீசர் ஸ்விட்ச் ‘டக்’கென்று விழுவது கேட்டது. ஓடிப்போய் அணைத்தேன். சத்தம் நின்றது. போட்டேன், வந்தது. கீசர் இருப்பது வீட்டின் மறு மூலையில். அதன் ஒயர் என் அறைப் பக்கமே வரவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த ஒரு வருடத்தில் நான் தெரிந்துகொண்டதை, எந்த வரிசையில் செய்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

எது பாதிக்கப்படும், எது படாது

வீட்டு ஒயரிங்கின் காந்தப்புலம் பொருட்களைக் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கெடுக்காது. பூமியின் சொந்தக் காந்தப்புலமே இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கிறது. வீட்டுச் சுவரில் ஓடும் ஒயரிலிருந்து ஓரடி தள்ளி நின்றால், மோசமான ஒயரிங்கிலும் சில மைக்ரோடெஸ்லாதான் கிடைக்கும். ஒரு சாதாரண கார்டின் காந்தப் பட்டையில் உள்ள தகவலை அழிக்க சுமார் 30 ஆயிரம் மைக்ரோடெஸ்லா வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். பென் டிரைவும் மெமரி கார்டும் காந்தத்தில் எழுதுவதே இல்லை, ஆகவே அந்தக் கேள்வியே எழாது. எல்இடி டிவி, லேப்டாப், போன் இவற்றுக்கும் கவலை வேண்டாம். வைஃபை விட்டு விட்டு வருகிறதென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

தொல்லைப்படுவது சிறிய சிக்னலைப் பெரிதாக்கும் கருவிகள்தான். ரெக்கார்டு பிளேயர், கேசட் டெக், ஒற்றைக் காயில் (ஒயர்ச் சுருள்) பிக்கப், அதாவது நரம்பின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம், வைத்த எலெக்ட்ரிக் கிடார், மைக், நீளமான கேபிள்களால் இணைத்த சவுண்டு சிஸ்டம் எல்லாம் இந்த வகை. காது கேட்கும் கருவியை ‘டி’ நிலையில் (மைக்குக்குப் பதில் உள்ளே இருக்கும் காயில் வழியாகக் கேட்பது) வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு வீட்டின் சில மூலைகளில் மட்டும் ரீங்காரம் கேட்கும்; அவர்களைக் கேட்டால் எந்தச் சுவரில் பிரச்சினை என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். பழைய குழாய் டிவி அல்லது மானிட்டர் இன்னும் வைத்திருந்தால், அதன் படம் மெல்ல அலையடிப்பதும் இதே காரணத்தால்தான். மானிட்டரின் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட, மின்சாரம் 50 முறை சுழல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான நொடிக்கு 10 என்ற கணக்கில் படம் நடுங்கும்.

ரெக்கார்டு பிளேயர் இதில் ஏன் முதல் பலி என்றால், அதன் ஊசித்தலை தரும் சிக்னலே சுமார் 5 மில்லிவோல்ட்தான். போதாக்குறைக்கு, இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதிவு செய்திருப்பதால், ஆம்ப்ளிஃபையர் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) ஒலியை 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏறக்குறைய 7 மடங்கு கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும். மின்சாரத்தின் ரீங்காரம் வந்து உட்காருவதும் சரியாக அந்த 50 ஹெர்ட்ஸில்தான்.

ஒரு ஒயர், இரண்டு ஒயர்

இது புரிந்தால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

மின்சாரம் ஓடும் ஒயருக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதை 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் கண்டார். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்து ஒயர் வளையத்தில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டினார். உங்கள் ஸ்பீக்கரில் கேட்கும் ரீங்காரம் இந்த இரண்டும் சேர்ந்தது. சுவரில் ஓர்ஸ்டெட், கேபிளில் ஃபாரடே.

ஆனால் எந்த வீட்டிலும் மின்சாரம் ஒரே ஒயரில் ஓடுவதில்லை. ஃபேஸில் போவது நியூட்ரலில் திரும்பி வரவேண்டும். இரண்டும் ஒட்டி ஓடினால், ஒன்றின் புலத்தை மற்றொன்று அடித்துவிடும். கணக்கில் பார்ப்போம். 10 ஆம்பியர் ஓடும் ஒற்றை ஒயரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 6.7 மைக்ரோடெஸ்லா இருக்கும். அதே 10 ஆம்பியர், 5 மில்லிமீட்டர் இடைவெளியில் போய்த் திரும்பும் ஜோடி ஒயரில் ஓடினால், அதே தூரத்தில் 0.11தான். அறுபதில் ஒரு பங்கு.

சரி, அப்படியென்றால் சரியாக ஒயரிங் செய்த வீட்டில் சுவரிலிருந்து தொல்லை வரக் கூடாது. வருகிறதென்றால், எங்கோ ஃபேஸ் ஒரு வழியாகப் போய் நியூட்ரல் வேறு வழியாகத் திரும்புகிறது. ஒரு ஒயர்க் குழாயில் போகும் கரண்டையும் வரும் கரண்டையும் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். வராமல் நிற்பதை இந்தக் கட்டுரை முழுக்க ‘மிச்சக் கரண்ட்’ என்று சொல்கிறேன். நாம் தேடப்போவது இதைத்தான்.

படி 1: இது காந்தத் தொல்லைதானா?

எல்லா ரீங்காரமும் காந்தத்தால் வருவதில்லை. ஒயரைத் தொடும் முன் நான்கு சோதனை.

கருவியை இருந்த இடத்திலேயே மெல்லத் திருப்பிப் பாருங்கள். 90 டிகிரி திரும்புவதற்குள் சத்தம் கூடிக் குறைந்தால், காந்தத் தொல்லை என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். கிடார் வாசிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். அறையில் ஒரு திசை பார்த்து உட்கார்ந்தால் அமைதியாக இருக்கும்.

அடுத்து, கருவியின் உலோகப் பாகத்தை விரலால் தொடுங்கள். தொட்டதும் சத்தம் மாறினால் அது பெரும்பாலும் எர்த் சரியில்லாததாலோ ஷீல்டு (கேபிளுக்குள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) விட்டுப்போனதாலோ வருவது. காந்தம் உங்கள் விரலைப் பொருட்படுத்தாது. (தொட்டதும் லேசாக ‘சுர்’ என்றால் சோதனையை நிறுத்திவிட்டு முதலில் எர்த்தைப் பாருங்கள்.)

மூன்றாவதாக, ஆம்ப்ளிஃபையரில் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எல்லாம் கழற்றிய பிறகும் சத்தம் இருந்து, வால்யூமைக் குறைத்தாலும் குறையாமல் இருந்தால், ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே பழுது. பெரும்பாலும் வயதான கெப்பாசிட்டர்.

நான்காவது, காது. காந்தத்தால் வரும் ரீங்காரம் தாழ்ந்து, உருண்டையாக, ‘ம்ம்ம்’ என்று இருக்கும். ‘ட்ஸ்ஸ்ஸ்’ என்று கரகரப்பாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டர், விளக்கின் டிம்மர் போன்றவை ஒயர் வழியே அனுப்பும் கூரிய துடிப்புகளைச் சந்தேகியுங்கள். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்ததும் கரகரப்பு குறைந்தால் ஆள் அதுதான்.

படி 2: எதைப் போட்டால் வருகிறது?

வீட்டில் அதிகக் கரண்ட் இழுப்பவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். கீசர், ஏசி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார், இன்வர்ட்டர். எதைப் போட்டால் சத்தம் வருகிறது, எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியும் ஃப்ரிட்ஜும் தானாக நின்று ஓடுபவை, அதனால் அவசரப்பட்டு தீர்ப்பு எழுத வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியது தூரம். பக்கத்தில் இருக்கும் மோட்டாரால் சத்தம் வருவது இயல்பு, நகர்த்தினால் போயிற்று. எங்கேயோ தொலைவில் இருக்கும் கருவியைப் போட்டால் இங்கே சத்தம் வருகிறதென்றால், அதன் கரண்ட் உங்கள் சுவர் வழியாகத் திரும்புகிறது. என் கீசர் அந்த ரகம்.

எதை அணைத்தாலும் குறையவில்லையா? மெயினையும் இன்வர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் கருவியால் அடுத்த படியைச் செய்து பாருங்கள். அப்போதும் புலம் இருந்தால் அது வெளியிலிருந்து வருகிறது: பக்கத்து வீடு, தெருக் கம்பி, அல்லது தண்ணீர்க் குழாய்.

படி 3: சுவரில் மோப்பம் பிடித்தல்

போனில் கிடைக்கும் காந்தமானி செயலிகளை நம்பி இறங்காதீர்கள். போனில் இருப்பது திசைகாட்டிக்கான சென்சார். அசையாத புலத்தை நன்றாகக் காட்டும். நொடிக்கு 50 முறை சுழலும் புலத்தைத் தேட அது ஏற்றதல்ல. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் காட்டி உங்களைத் திசைதிருப்பும்.

மின் கம்பிப் புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் என்னிடம் இருந்த வழி: ஒரு பழைய கையடக்கக் கேசட் பிளேயர். பேட்டரி போட்டு, கேசட் இல்லாமல், மூடியைத் திறந்து வைத்து ‘பிளே’ அழுத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதன் ஹெட் பக்கத்தைச் சுவரோடு நகர்த்தினால், புலம் இருக்கும் இடத்தில் ரீங்காரம் எழும். ஹெட் என்பது ஒரு சின்னக் காயில்தான். கேசட் பிளேயர் இல்லாதவர்கள் ஒரு ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) காயிலை ஷீல்டு ஒயரில் இணைத்து, பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரின் மைக் துளையில் செருகிக் கேட்கலாம். மின் இணைப்பு உள்ள எதையும் இதில் தொட வேண்டியதே இல்லை. காற்றில் நகர்த்திக் கேட்பதோடு சரி.

சுவரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். அன்று மாலை என் சுவரில், ஸ்விட்ச் போர்டிலிருந்து கிளம்பி, ரெக்கார்டு பிளேயர் அலமாரியின் முதுகைத் தொட்டபடி, கதவுக்கு மேலே போகும் ஒரு கோடு உருவானது. கீசரை அணைத்ததும் அந்தக் கோடு முழுக்க ஊமையானது.

மீட்டர் கையில் இருந்தால் இன்னொரு வித்தை இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. மூலத்திலிருந்து உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கி, அளவு எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். பாதியானால், அங்கே ஒற்றை ஒயரில் மிச்சக் கரண்ட் ஓடுகிறது. கால்வாசியானால், ஜோடி ஒயர்; ஒயரிங் சரி, நீங்கள்தான் மிகப் பக்கத்தில் இருக்கிறீர்கள். எட்டில் ஒன்றானால், டிரான்ஸ்ஃபார்மரோ மோட்டாரோ. அளவுகள் இவ்வளவு துல்லியமாக வராது. ஆனாலும் பாதிக்கும் எட்டில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் தப்பாது.

படி 4: கிளாம்ப் மீட்டர்

இந்தப் படியை எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். டிபி பாக்ஸை (வீட்டின் சர்க்யூட்கள் பிரியும் பெட்டி) திறந்து உயிருள்ள ஒயருக்கு நடுவே மீட்டரை நுழைக்கும் வேலை இது. நீங்கள் பக்கத்தில் நின்று என்ன அளக்க வேண்டும் என்று சொன்னால் போதும். சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் கிளாம்ப் மீட்டரை (ஒயரை வாய்க்குள் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) எல்லாரும் ஒரு ஒயரில் மாட்டித்தான் பழகியிருப்பார்கள்.

நமக்கு வேண்டியது வேறு. ஒரு சர்க்யூட்டின் ஃபேஸையும் அதே சர்க்யூட்டின் நியூட்ரலையும் சேர்த்து ஒரே வாய்க்குள் பிடிக்க வேண்டும். சந்தேகப்படும் கருவியைப் போட்டு, மற்ற சர்க்யூட்களையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் அது நல்ல பிள்ளை. 0.1 ஆம்பியருக்கு மேல் எதைக் காட்டினாலும் அது மிச்சக் கரண்ட். என் வீட்டில் கீசர் சர்க்யூட்டில் 3 ஆம்பியர் மிச்சம். ஹாலின் பிளக் சர்க்யூட்டிலும் அதே 3 ஆம்பியர். ஒரு வீட்டில் காணாமல் போனது இன்னொரு வீட்டில் கிடைத்த கதை. 3 ஆம்பியர் ஒற்றை ஒயரில், அலமாரியிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில்: 2 மைக்ரோடெஸ்லா.

மிச்சம் தெரிந்த சர்க்யூட்டில் எர்த் ஒயரையும் சேர்த்துப் பிடித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எர்த்தைச் சேர்த்ததும் பூஜ்யமானால், நியூட்ரல் கரண்ட் எர்த் வழியாகத் திரும்புகிறது. அப்போதும் மிச்சம் நின்றால், அது இன்னொரு சர்க்யூட் வழியாகவோ தண்ணீர்க் குழாய் வழியாகவோ திரும்புகிறது.

‘ஆர்சிசிபி இருக்கிறதே, மிச்சக் கரண்ட் இருந்தால் அது விழுந்திருக்குமே’ என்று எலெக்ட்ரீஷியன் கேட்பார். நியாயமான கேள்வி. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச். அதுவும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கிறது: ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே வளையத்தில் விட்டு வித்தியாசம் பார்க்கிறது, வீடுகளில் வழக்கமாக 30 மில்லியாம்பியரில் விழும். ஆனால் வீட்டுக்கு மொத்தமாக ஒரே ஆர்சிசிபி இருந்து, அதற்குக் கீழே உள்ள இரண்டு சர்க்யூட்கள் நியூட்ரலை மாற்றிக்கொண்டால், மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கும். அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருந்திருந்தால் முதல் நாளே விழுந்திருக்கும்.

படி 5: ஒயரிங்கைச் சரிசெய்தல்

அதிகம் அகப்படும் குற்றவாளி, இரண்டு சர்க்யூட்களின் நியூட்ரலை ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்து முறுக்கி வைத்திருப்பது. ‘நியூட்ரல்தானே, எல்லாம் ஒன்றுதான்’ என்ற எண்ணத்தில் செய்வது. அப்படிச் சேர்ந்ததும் கரண்ட் இரண்டு வழியாகவும் பிரிந்து ஓடும். இது ரீங்காரத்தோடு நிற்காது. ஒரு சர்க்யூட்டின் எம்சிபியை (அந்தச் சர்க்யூட்டுக்கான தனி ஸ்விட்ச்) அணைத்துவிட்டு, செத்துவிட்டது என்று நம்பி அதன் நியூட்ரலைப் பிரிக்கிறவருக்கு, மற்ற சர்க்யூட்டின் கரண்ட் கையில் ஏறும். ஆகவே இந்தப் பெட்டிகளைத் திறக்கும்போது எம்சிபியை நம்பாமல் மெயினையும் இன்வர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தீர்வு எளிது: நியூட்ரல்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் ஃபேஸோடு சேர்க்க வேண்டும். எந்தப் பெட்டி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குத்தான் சுவரில் பென்சில் கோடு.

அடுத்தது, டிபி பாக்ஸைத் தாண்டிய பிறகு எங்காவது நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்திருப்பது. பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ‘எர்த் கொடுத்தாயிற்று’ என்று முடித்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கருவியின் உடம்பே ஃபேஸாகிவிடும், உயிருக்கு ஆபத்து. ரீங்காரக் கணக்கிலும் இது மோசம்: நியூட்ரல் கரண்ட் எர்த் ஒயர், குழாய் என்று எல்லாவற்றிலும் பரவும், உங்கள் ஆடியோ கேபிளின் ஷீல்டையும் விட்டுவைக்காது.

மாடிப்படி விளக்குக்கு மேலேயும் கீழேயும் ஸ்விட்ச் வைக்கும்போது, கீழ்த்தளத்திலிருந்து ஃபேஸும் மேல்தளத்திலிருந்து நியூட்ரலும் எடுத்துவிடுவது இன்னொன்று. படிக்கட்டு அளவுக்கு ஒரு பெரிய வளையம் உருவாகும். எல்இடி பல்பின் சிறிய கரண்டுக்கு அதன் புலம் பெரிதாகத் தெரியாது; ஆனால் பாதுகாப்புக்காகவே திருத்த வேண்டும். இன்வர்ட்டரிலிருந்து ஃபேஸை மட்டும் தனிக் குழாயில் கொண்டுபோய், திரும்புவதற்குப் பழைய நியூட்ரலையே நம்பியிருக்கும் ஒயரிங்கும் இதே இனம். இன்வர்ட்டர் ஒயரோடு அதன் நியூட்ரலும் ஒட்டியே போகவேண்டும்.

தண்ணீர்க் குழாயில் கரண்ட் ஓடுகிறதா என்று குழாயைச் சுற்றியே கிளாம்ப் போட்டுப் பார்க்கலாம். ஓடினால், இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு போட்டு வழியை அடைப்பது வழக்கம். ஆனால் சில பழைய கட்டடங்களில் அந்தக் குழாயைத்தான் எர்த்தாக நம்பியிருப்பார்கள், அதனால் எர்த் அமைப்பைப் பார்க்கத் தெரிந்தவர் சொல்லாமல் வெட்டாதீர்கள்.

புதிதாக ஒயரிங் செய்கிறீர்கள் என்றால் ஒரே விதி: ஃபேஸும் நியூட்ரலும் எப்போதும் ஒரே குழாயில். இழுக்கும் முன் இரண்டையும் முறுக்கிவிட்டால் இன்னும் நல்லது, முறுக்கு ஒவ்வொன்றும் முந்தியதன் புலத்தை அடித்துவிடும். தொலைபேசிக்காக முறுக்கிய ஜோடி ஒயருக்கு கிரஹாம் பெல் 1881இலேயே காப்புரிமை வாங்கினார். இன்று நெட்வொர்க் கேபிளுக்குள் இருப்பதும் அதேதான்.

படி 6: நகர்த்துங்கள், திருப்புங்கள்

ஒயரிங் சரி, ஆனாலும் கொஞ்சம் சத்தம் என்றால் இடம் மாற்றுவதைவிட மலிவான மருந்து இல்லை. டிபி பாக்ஸ், மீட்டர் பெட்டி, இன்வர்ட்டர், ஃப்ரிட்ஜ் இவை சுவருக்கு மறுபக்கம் இருந்தாலும் கணக்கில் சேர்த்தி. செங்கல் சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது. டிரான்ஸ்ஃபார்மர் புலம் வேகமாக மங்குவதால், ஓரடியை இரண்டடியாக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ரெக்கார்டு பிளேயரை ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் வைக்காதீர்கள். பக்கத்தில் வைக்கும்போதும், டிரான்ஸ்ஃபார்மர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு மறுபக்கம் வையுங்கள். கனமாகத் தொங்கும் பக்கம்தான் டிரான்ஸ்ஃபார்மர், தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

கிடாருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு காயில்கள் எதிரெதிராக இணைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நரம்பின் ஒலி மட்டும் கூடும்.

படி 7: கேபிள் வளையங்கள்

கம்ப்யூட்டர் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபையர் எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் தனித்தனி பிளக் பாயிண்ட், இரண்டிலும் எர்த், நடுவில் ஒரு ஆடியோ கேபிள். எர்த், கேபிள் ஷீல்டு, எர்த் என்று அறையைச் சுற்றி ஒரு வளையம் தயார். 1 சதுர மீட்டர் வளையத்துக்குள் 1 மைக்ரோடெஸ்லா புலம் போனால், 50 ஹெர்ட்ஸில் 0.3 மில்லிவோல்ட் எழும். 5 மில்லிவோல்ட் சிக்னலுக்குப் பக்கத்தில் இது எவ்வளவு பெரியது என்று நீங்களே பாருங்கள்.

ஆகவே ஒன்றோடொன்று இணையும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் கொடுங்கள் (கீசரும் ஏசியும் அதில் வேண்டாம்). ஆடியோ கேபிளும் அதே கருவியின் பவர் ஒயரும் ஒரே பாதையில், ஆனால் ஒரு சாண் இடைவெளியில் போகட்டும். குறுக்கே கடந்தே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். இடது வலது கேபிள்கள் இரண்டையும் ஒட்டி, லேசாக முறுக்கிக் கட்டுங்கள். மிஞ்சிய நீளத்தைப் பெரிய வட்டமாகச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் தொங்கவிடும் பழக்கம் உண்டல்லவா, அது ஆன்டெனா கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். குட்டைக் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட தூரத்துக்கு பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலை இரண்டு ஒயர்களில் எதிரெதிராக அனுப்புவது) அல்லது ஆப்டிக்கல் கேபிள் (ஒளியாக அனுப்புவது) நல்லது. ஆப்டிக்கலில் உலோகத் தொடர்பே இல்லாததால் வளையம் அங்கேயே அறுந்துவிடும். ஆடியோ ஐசொலேட்டர் (இரண்டு கருவிகளுக்கு நடுவே உலோகத் தொடர்பை அறுக்கும் சின்னப் பெட்டி) வாங்கினால் அதை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குள் இருப்பதும் ஒரு காயில்தான்.

பவர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போகும். வேறொரு நாள் கருவிக்குள் ஃபேஸ் உடம்பைத் தொட்டால் அதைத் தொடும் ஆளும் போய்விடுவார். செய்யாதீர்கள்.

இதே வளையங்கள் மின்னல் நாளில் நிஜமாகவே பொருளைக் கெடுக்கும். 100 மீட்டர் தள்ளி விழும் மின்னலில் கரண்ட் மைக்ரோ வினாடிக்கு 10 ஆயிரம் ஆம்பியர் வேகத்தில் ஏறினால், 10 சதுர மீட்டர் வளையத்தில் சுமார் 200 வோல்ட் எழும். டிவியின் கேபிள் துளை, ரூட்டரின் நெட்வொர்க் துளை எல்லாம் இடி மழைக்குப் பிறகு இறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்டெனா கேபிளும் பவர் ஒயரும் வீட்டுக்குள் ஒரே இடத்தில் நுழைந்தால் வளையம் சிறியதாகும். இடி மழை நெருங்கும் முன்பே இரண்டையும் கழற்றிவிடுவது இன்னும் நிச்சயம்.

படி 8: மறைப்பு போடுவது கடைசி

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான், அதனால்தான் கடைசியில் வைத்தேன். அலுமினியத் தாளைச் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் நிற்காது. அந்தப் புலத்தைக் கணிசமாக அடக்க அலுமினியம் 12 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனாக வேண்டும். வீட்டுத் தாளின் தடிமன் 0.02 மில்லிமீட்டர்கூட இல்லை. கேபிளின் பின்னல் ஷீல்டும் இதே காரணத்தால் காந்தத்துக்குப் பயன்படாது. அது மின்புலத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். என் விலை கூடிய கேபிள் ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது தெரிகிறதா? கேபிளில் மாட்டும் ஃபெரைட் மணிகள் மெகாஹெர்ட்ஸ் தொல்லைக்கு. ஸ்பைக் பஸ்டர் மின்னழுத்த எகிறலுக்கு. இரண்டுக்கும் இந்த வேலை தெரியாது.

இரும்பு ஓரளவு உதவும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து இரும்புக் குழாயில் போனால் மீதிப் புலமும் அடங்கும். ஃபேஸை மட்டும் தனியாக இரும்புக் குழாயில் விடக் கூடாது, குழாயே சூடேறும். நிக்கல் அதிகமுள்ள மியூ மெட்டல் தகடு சின்ன டிரான்ஸ்ஃபார்மரையோ பிக்கப்பையோ மூட அருமையானது. ஆனால் விலை அதிகம், வளைத்தாலோ தட்டினாலோ அதன் குணம் குறையும், மறுபடி சூளையில் பதப்படுத்த வேண்டும். சுவர் முழுக்க ஒட்டும் பொருள் அல்ல.

என் வீட்டில் கடைசியில் திறந்தது கதவுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸ். உள்ளே மூன்று கருப்பு (நியூட்ரல்) ஒயர்கள் ஒன்றாக முறுக்கி, காய்ந்துபோன டேப்பால் சுற்றியிருந்தன. மெயினை அணைத்து, ஒன்றைப் பிரித்து அதன் ஃபேஸோடு சேர்க்க எலெக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிடம் ஆனது. கீசரைப் போட்டு கிளாம்ப் வைத்தார்: 0.00. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் மட்டும் மெல்லிய ‘ம்’ இருந்தது. அது ஆம்ப்ளிஃபையரின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர். ரெக்கார்டு பிளேயரை ஒரு தட்டு மேலே தூக்கி வைத்தேன், அதுவும் போயிற்று.